தானாக ஓடுகிற காற்று மிஷின்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பெயிண்ட் அடிக்கிற காற்று மிஷின் ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எப்போதும் காற்றின் அளவு காட்டுகிற முள் மேலே ஏறியதும் தானாக நிற்கும், காற்று குறைந்தால் தானாக ஓடும். இன்று முள் பாதி வழியிலேயே நின்று ஆடிக்கொண்டிருந்தது. டேங்குக்கு அடியில் ஸ்ஸ் என்று சத்தம். சோப்பு நுரையைத் துணியில் எடுத்து அதன் அடிவயிறு முழுக்கத் தடவினேன். ஒரு இடத்தில் மட்டும் நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. துரு தின்று ஊசி முனை அளவு ஓட்டை போட்டுவிட்டது.

சுவிட்சை அணைத்தேன். பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இதை எழுத உட்கார்ந்ததுதான் இன்றைய ஓய்வு. துரு என்று யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன். இந்தக் கையால் எத்தனை வண்டி துருவைச் சுரண்டியிருப்பேன்! எழுதிப் பார்த்தால் இரண்டே எழுத்து.

மார்ச் 4, புதன்

வெல்டர் வந்தான். தீப்பொறி என்று சொன்னால்தான் தெருவில் யாருக்கும் தெரியும். மிஷினைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் டேங்கை இங்கேயும் அங்கேயும் தட்டினான்.

"அண்ணே, சத்தத்தக் கேட்டீங்களா? தகர டப்பா மாதிரி இருக்கு. உள்ள மொத்தமும் போச்சு."

"ஒரு பொட்டு வச்சு அடைச்சுக் குடுடா."

"பொட்டு வச்சா அழகாத்தான் இருக்கும். காத்து ஏத்துனீங்கன்னா அப்புறம் உங்களக் கூரை மேலதான் தேடணும்."

டீ கொண்டுவந்த என் மனைவி, "அதெல்லாம் வேணாம்ப்பா, அவருக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தாலும் இடுப்பு வலிக்கிறது.

அவன் போன பிறகு சிரிப்பு வரவில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் எங்களைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அழுதாள். எல்லோர் முன்னாலும் நான்தான் வீறாப்பாகச் சொன்னேன்: "இந்த மிஷின் ஓடுற வரைக்கும் நாங்க இங்க இருப்போம். அது நின்னா மறு பேச்சு இல்ல, பொட்டியோட உன் வீட்டுக்கு வந்துடறோம்." அவள் உடனே, "வாக்கு மாறக் கூடாதுப்பா" என்றாள். அதற்கென்று ஒரு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள். தங்கமான பெண். அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அங்கே என்ன செய்வேன்? அவர்கள் பெருக்க வரும்போது சோபாவில் காலைத் தூக்கிக்கொள்வேன். வேறு என்ன வேலை இருக்கும் எனக்கு?

மார்ச் 5, வியாழன்

இந்த நோட்டில் பொய் எழுதினால் இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதப் படித்ததற்கு அர்த்தமே இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

மழைக்காலத்திலிருந்து நான் வேலை செய்யவில்லை.

ஸ்ப்ரே கன்னைப் பிடித்தால் கை ஆடுகிறது. லேசாகத்தான் ஆடுகிறது, ஆனால் பெயிண்டுக்கு அது போதும். ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் வெளுத்து, பிறகு வடியும். கடைசியாக எடுத்தது என் மனைவியின் பீரோ. பழைய சாம்பல் நிறத்துக்கு மேல் பச்சை அடிக்க ஆரம்பித்தேன். இடது கதவு பச்சை, வலது கதவு சாம்பல். அப்படியே நிற்கிறது.

ஆனால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ் பைப் சேருகிற இடத்தில் ரொம்ப நாளாக ஒரு கசிவு. வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் நின்றுவிடும். நான் சுற்றவில்லை. காற்று அதில் மெதுவாகப் போகும். முள் இறங்கும். மிஷின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். சமையலறையில் இருப்பவளுக்கு அது நான் வேலை செய்கிற சத்தம். நானோ ஸ்டூலில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருப்பேன்.

எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். மழையில் வெளியே போக முடியாத நாட்களில் ஆரம்பித்தது. 'ழ' வளைந்துபோனால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. வேலைக்கு நடுவில் பழகிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நடுவில்!

இதை எழுதியபின் களைப்பாக இருக்கிறது. பாரம் இறக்கி வைத்த களைப்பா, தூக்கிய களைப்பா தெரியவில்லை.

மார்ச் 7, சனி

மிஷின் கடைக்குப் போனேன். பஸ்ஸில் ஏறும்போது முன்னால் எழுதியிருந்ததை நானே வாசித்துவிட்டு ஏறினேன். "இது எங்க போகுது" என்று ஒருவரையும் கேட்கவில்லை. இதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் தூங்கிவிட்டார்.

கடை முழுக்க மிஷின். சிவப்பு, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்னத் தகடு. எவ்வளவு கொள்ளும், எவ்வளவு தாங்கும், எந்த மாதம் பிறந்தது, எல்லாம் தகட்டில் போட்டிருக்கிறது. என் பழைய மிஷினிலும் இப்படி ஒரு தகடு உண்டு. அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டேன், எப்போதோ.

கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் நாற்காலி எடுத்துப் போட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"என்ன வேலைக்குங்க ஐயா?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்வி. ஆனால் பதில் சட்டென்று வரவில்லை. "பீரோ, கதவு, ஜன்னல் கம்பி, எல்லாந்தான்" என்றேன்.

"அப்ப பெருசா எடுத்துக்கங்க. நாளெல்லாம் அடிக்கலாம். பத்து வருஷம் அசையாது."

"மிஷினா, நானா?" என்றேன். நான் சிரிக்கிற வரைக்கும் பாவம் அவர் சிரிக்கவில்லை.

பெரியது என் தோள் உயரம் இருந்தது. அதைத் திண்டாடி இறக்கி, பழையதை வெளியே இழுத்து, புதியதை உள்ளே தள்ளி – நினைக்கும்போதே மூச்சு வாங்கியது. இன்னொன்று காட்டினார். வெள்ளையாக, மருத்துவமனைச் சாமான் மாதிரி. பெல்ட் இல்லை, எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஓட விட்டார். ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பல் வைத்தியர்கள் வாங்குவதாம்.

அப்போது அவள் ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து, "காதுக்குள்ள வண்டி ஓடுது" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடு சமைத்தாள், பிள்ளை வளர்த்தாள், தலைவலியோடு படுத்தாள். இனிமேலாவது அமைதி கொடுக்கலாம். வெள்ளை மிஷினை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. படுத்தே இருந்தேன். மருந்துச் சீட்டை வாசித்துப் பார்த்தேன், வைத்தியரின் கையெழுத்தை விட என் கையெழுத்து அழகு.

மார்ச் 9, திங்கள்

சாப்பிடும்போது சொன்னேன். "உனக்காகத்தான் பாத்தேன். சத்தமே வராது. பக்கத்துல நின்னாக்கூட கேக்காது."

சந்தோஷப்படுவாள் என்று முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் டம்ளர் வழிகிறவரை ஊற்றினாள்.

"சத்தமே வராதா?"

"துளிகூட வராது."

"ம்" என்றாள். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டதெல்லாம் கிடைத்தாலும் பெண்களுக்கு ஏதோ ஒன்று குறையும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது தப்போ? இன்று அவள் வேறு எதுவும் பேசவில்லை. எனக்கும் விசாரிக்கத் தெம்பு இல்லை.

மார்ச் 11, புதன்

மகள் வேலைக்குக் கிளம்புகிற வழியில் தினமும் காலையில் கூப்பிடுவாள். அந்த நேரம் நான் பட்டறையில் இருப்பேன். இன்று பட்டறைக்குப் போக மனமில்லாமல் உள் அறையில் சாய்ந்திருந்தேன். நான் அங்கே இருப்பது என் மனைவிக்குத் தெரியாது.

"அப்பாவா? பட்டறையிலதான்டி... சத்தமா? இன்னிக்குக் கரண்ட் இல்ல... நேத்தும் இல்ல. முந்தாநேத்தும்தான். ஆமா, இந்தப் பக்கம் இப்ப அப்படித்தான் ஆயிடுச்சு."

அவள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எழுந்துபோய் வாசற்படியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். விசிறியைப் பார்த்தாள். "சரிடி, அடுப்புல வச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள். அடுப்பு பற்றவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

நேற்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன். கை வலித்தாலும் பரவாயில்லை.

"ஏன் பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?"

"நான் என்ன சொன்னேன்?"

"ஏங்க, உங்க சட்டையத் துவைக்கறது யாரு? மழைக்கு அப்புறம் ஒரு சொட்டு பெயிண்ட் இல்ல, தின்னர் வாசன இல்ல. பாக்கெட்டத் தட்டுனா சாக்பீஸ் தூள்தான் கொட்டுது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"மிஷின் ஓடுற சத்தம் வரும். அதுக்கப்புறம் கன் அடிக்கிற சத்தம் வரணுமில்ல? வராது. எனக்கு என்ன காது செவிடா?"

பீரோவும் ஞாபகம் வந்தது. ஆறு மாதமாகத் துணிகளை அட்டைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள். என் பீரோ எப்போ வரும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. நான் அதை அவளுடைய மறதி என்று எடுத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா நீங்க உண்மையச் சொல்லிடுவீங்க. அப்புறம் பொட்டி கட்டணும்."

பிறகு முழுவதையும் சொன்னாள். தினமும் காலையில் மகள் கூப்பிட்டதும், அந்தக் கதை இந்தக் கதை பேசி மிஷின் எழுந்திருக்கிற வரை இழுப்பாளாம். அது ஓட ஆரம்பித்ததும் போனை ஜன்னல் பக்கம் நீட்டி, "கேக்குதா, உங்கப்பா காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு" என்பாளாம். மகள், "சரிம்மா, நல்லா இருக்காங்கள்ல, அது போதும்" என்று வைத்துவிடுவாளாம்.

"சத்தம் வராத மிஷின வாங்கிட்டு வந்து உனக்காகன்னு சொல்றீங்க. நான் எதை நீட்டுறது?"

"உனக்குப் போகணும்னு ஆசைன்னு நினைச்சேன். முட்டி வலிக்குதுன்னு சொல்லுவியே."

"முட்டி வலிக்குதுன்னா மூணு மாடிக்கா போகணும்?"

"லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட்ல மேல போயிடலாம். கீழ வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமே. இங்க கதவத் திறந்தா தெரு. யாராவது ஒருத்தி என்னத் திட்டிட்டாவது போவா."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே விஷயத்துக்காக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்! அசதியாக இருந்தது. பாதி அசதி மறைத்ததில் வந்ததாக இருக்கும் என்று இன்று தோன்றுகிறது. மீதிப் பாதி வயசு. அதற்கு டேப் கிடையாது.

மார்ச் 14, சனி

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளை மிஷினைத் துடைத்து, பில் போடத் தயாராக வைத்திருந்தார்.

"தம்பி, இருக்கறதுலயே சத்தம் ஜாஸ்தியா வர்றது எது?" என்று அவள் கேட்டாள்.

தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று அவர் நினைத்தார். "அம்மா, எல்லாரும் சத்தம் கம்மியா இருக்கறததான் கேப்பாங்க."

"எல்லாரும் வாங்கிட்டுப் போகட்டும். எங்களுக்கு இரைச்சல் வேணும்."

பின்னால் இருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பெல்ட் போட்டது, நீலம், தூசி படிந்தது. இந்தச் சத்தத்துக்குப் பயந்து யாரும் எடுப்பதில்லை என்றார். ஓட விட்டதும் சுவரில் இருந்த காலண்டர் ஆடியது. அவள் விறுவிறுவென்று கடையை விட்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாளோ என்று கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவள் தெருவில், பட்டறையிலிருந்து எங்கள் சமையலறை எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளிப்போய் நின்றுகொண்டு, "இன்னொரு தடவ போடச் சொல்லுங்க!" என்று கத்தினாள். போட்டார். தலையை ஆட்டினாள்.

"இதுலயே பெரிய டேங்கும் வருது. என்ன வேலைக்குன்னு சொன்னீங்க?" என்றார் அவர்.

மறுபடியும் அந்தக் கேள்வி. இந்தத் தடவை பதில் இருந்தது.

"ஒரு பீரோ. பாதி முடிஞ்சுது. மீதி முடியுமான்னு தெரியல."

அவர் என் கையைப் பார்த்தார். நல்ல மனிதர், பார்வையை மிஷினுக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப சின்ன டேங்கே தாராளம். ஒண்ணு சொல்லிடறேன் – சின்னதுல காத்து சீக்கிரம் தீரும். மிஷின் அடிக்கடி ஓடும். அது ஒரு தொந்தரவு."

"அடிக்கடி ஓடுமா?" என்றாள் அவள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அதையே எடுத்தோம். தகட்டை அவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

தீப்பொறியும் இன்னொருவரும் வந்து பழையதை இழுத்துப்போட்டு, புதியதை வைத்துவிட்டுப் போனார்கள். காற்று ஏறியது. முள் ஏறியது. நின்றது. அப்புறம் ஓடவே இல்லை. நல்ல மிஷின், புது வாஷர், எங்கும் கசிவு இல்லை.

அவள் தலையை நீட்டினாள். "என்ன, சத்தத்தையே காணோம்?"

"காத்து போனாத்தானே ஓடும்?"

"அப்ப போக விடுங்க."

காலமெல்லாம் கசிவைத் தேடித் தேடி அடைத்தவன் நான். அடுத்தவர் மிஷினில் கசிவு கேட்டால்கூட எனக்குக் கை சும்மா இருக்காது. ஸ்பானரை எடுத்து ஹோஸ் பைப் இணைப்பை அரைத் திருகு தளர்த்தினேன். கூசியது. நுரை வைத்துப் பார்த்தேன், சின்னச் சின்னக் குமிழி. அவள் சமையலறைக்குப் போய் அங்கிருந்து, "பத்தல... இன்னும் கொஞ்சம்... ஐயையோ நிக்கவே மாட்டேங்குதே, குறைங்க... ஆங், இது சரி" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து கசிவைச் சுருதி சேர்த்தோம்.

மகளிடம் பழையது நின்றுபோனதையும் புதியது வாங்கியதையும் நானே போனில் சொல்லிவிட்டேன். "அந்த மிஷின்னுதானேப்பா சொன்னீங்க" என்றாள். "காத்து மிஷின்னுதான் சொன்னேன்" என்றேன். "நேர்ல வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

வலது கதவில் ஒரு கை அகலம் பச்சை அடித்தேன். வடிந்தது. துடைத்தேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 24, செவ்வாய்

சனிக்கிழமை வருகிறார்களாம், மகளும் மாப்பிள்ளையும். காரில். கார் என்றால் பெட்டி ஏற்றலாம்.

தூக்கம் சரியில்லை. எழுதவும் ஓடவில்லை.

மார்ச் 28, சனி

வந்தார்கள். மாப்பிள்ளை முன் அறையில் உட்கார்ந்து, "மாமா, அந்த அறைக்கு ஏசி கூடப் போட்டாச்சு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நான் பட்டறைக்கு நழுவி வந்துவிட்டேன், சற்று நேரத்தில் மகளும் வந்தாள். நான் ஸ்டூலில் இருந்தேன், மடியில் இந்த நோட்டு. மூடி வைக்க நேரமில்லை, மூடவும் தோன்றவில்லை. அவள் புது மிஷினைச் சுற்றிப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள், பச்சைக் கதவு, சாம்பல் கதவு, நடுவில் என் ஒரு கை அகலம். கொக்கியில் தொங்கிய ஸ்ப்ரே கன்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மிஷின் தானாக எழுந்து ஓடியது. நான் கன்னைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

என் மனைவி கதவருகே வந்து கையில் துணியோடு நின்றாள். துடைக்க எதுவும் இல்லை.

சின்ன வயதில் ஹோஸ் பைப் சிக்கிக்கொள்ளாமல் எனக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தவள் இந்த மகள். எதை எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய் இணைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். காற்று குளிர்ச்சியாகப் பட்டிருக்கும். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அப்பா, இங்க காத்து போகுது. டேப் சுத்தலையா?" என்றாள்.

"சுத்தணும்மா."

கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கண்ணையும் அதிலேயே. "மெதுவா சுத்துங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

முன் அறைக்குப் போய் மாப்பிள்ளையிடம் அவள் சொன்னது இங்கே கேட்டது: "அப்பா கையில வேலை இருக்குங்க. முடியட்டும், பாத்துக்கலாம்."

மார்ச் 29, ஞாயிறு

கிளம்பிப் போனார்கள். கார் காலியாகத்தான் போயிற்று. நாள் முழுக்கத் தூங்கினேன்.

மார்ச் 30, திங்கள்

காலையில் மகள் கூப்பிட்டாள். என் மனைவி கதை பேசி இழுக்கவில்லை. எடுத்த உடனே போனை ஜன்னலுக்கு நீட்டிவிட்டாள். மிஷின் அப்போது ஓடவில்லை. நான் இங்கே பேனாவோடு, அவள் அங்கே போனோடு, மகள் எங்கேயோ பஸ்ஸில். மூன்று பேரும் பேசாமல் காத்திருந்தோம்.

பிறகு ஓடியது.